அடுப்பை எங்கே வைப்பது

வாசகர்களுக்கு அவள் பெயர் வேறு. புத்தக அட்டையில் விறைப்பாக நிற்கும் அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. வீட்டில் அவள் குட்டி. தலை பாதி நரைத்து, கண்ணாடி இல்லாமல் தன் நாவலையே தன்னால் படிக்க முடியாத வயதிலும் குட்டிதான். இந்தக் கதை அவள் அக்கா வீட்டுக்குள் போகப் போவதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

குட்டி நாவல் எழுதுவாள். நாவல் வராத காலத்தில், அதாவது பெரும்பாலான காலத்தில், ஒரு வார இதழில் பத்தி எழுதுவாள். போன ஊர், பார்த்த ஓவியம், தங்கிய அறையின் ஜன்னல், அங்கே கிடைத்த சாப்பாடு, நாற்காலிக்குக் கை எதற்கு, கதவுக்கு உருண்டைக் குமிழ் வைத்தவனை என்ன செய்யலாம் என்று மனம் போன போக்கில் ஒரு பக்கம். அதைப் படிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர் மாமா, அக்காவின் கணவர்.

அந்த மாமாதான் காலையில் போன் செய்தார். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி கிசுகிசுவென்று பேசினார்.

"உன் சமையல்கட்டு ரெடி, குட்டி. நீ எழுதின மாதிரியே கட்டிட்டேன். ஒரு வரி விடல."

குட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், எந்தப் பத்தி என்று கேட்டாள். நடந்தது இதுதான். மகளுக்குக் குழந்தை பிறந்து அக்கா அங்கே உதவிக்குப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் மாமா சமையலறையை இடித்து, குட்டி எப்போதோ எழுதிய ஒரு பத்தியைக் கொத்தனாரிடம் வாசித்துக் காட்டி, புதிதாகக் கட்டிவிட்டார். அக்காவுக்கு இன்ப அதிர்ச்சியாம். அக்கா திரும்பி வந்து சில நாள் ஆகிவிட்டது. இன்பமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. சமையலறையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"ஒண்ணுமே சொல்லலையா?" என்று குட்டி கேட்டாள்.

ஒன்றுமே சொல்லவில்லை என்றார் மாமா. திட்டினாலாவது பரவாயில்லை, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, எது எதற்காக அப்படி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் அவளுக்குப் புரியும் என்று கெஞ்சினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குட்டி போனை வைத்தாள்.

எடுத்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை, அந்தச் சமையலறை எங்குமே கிடையாது. அது கலப்படம். ஜன்னலுக்குக் கீழே அடுப்பு என்று எழுதினாளே, அது ஒரு மலையூர் விடுதியில் பார்த்தது. தலைக்கு மேலே கம்பியில் பாத்திரங்கள் தொங்கியது ஒரு பயணக் கப்பலில். மூலையில் தாழ்ந்த மேசையும் முக்காலியும் ஓர் ஓவிய நண்பரின் வீட்டில். இடுப்பளவே உயரமுள்ள பாதிக் கதவு இருந்தது ஒரு சத்திரத்தில். அது ஒரு காலத்தில் குதிரை லாயம் என்பதைப் பத்தியில் அவள் சொல்லவில்லை. நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, "நான் பார்த்த சமையலறைகளிலேயே உத்தமமானது" என்று வாய்கூசாமல் எழுதிவிட்டாள்.

நாவல்காரர்களின் தொழில் புத்தி அது. ஒருத்தர் மூக்கு, இன்னொருத்தர் கோபம், மூன்றாமவரின் செருப்பு என்று எடுத்து ஓர் ஆளைத் தைத்துவிடுவார்கள். அந்த ஆளும் சமர்த்தாக எழுந்து நடப்பார், காதலிப்பார், கடைசி அத்தியாயத்தில் செத்தும் போவார். மனிதர்களிடம் பலித்த வேலையை அவள் சமையலறையிடம் காட்டினாள். படிக்க அழகாக இருந்தது. படித்துவிட்டு மறந்து போவார்கள் என்று நினைத்தாள். மாமாவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாமா குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாளில் எங்கே கோடு இருக்கிறதோ அங்கே பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பது அவர் வேலை. தாள் சரியா தப்பா என்று கேட்பது அவர் வேலையில்லை. மேலே யாரோ யோசித்துத்தான் வரைந்திருப்பார்கள். குட்டியின் பத்தியையும் மனிதர் அப்படித்தான் படித்திருக்கிறார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் குட்டியால் வெளியே பார்க்க முடியவில்லை. பயணத்தில் மனசு லேசாகிவிடும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் அவள்தான். எந்த மடையன் எழுதினான் என்று இப்போது கேட்கத் தோன்றியது. அவளுக்குப் பயம் மாமாவை நினைத்து இல்லை. அக்காவை நினைத்து.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவள். வேலைக் காலம் முழுவதும் குடியிருப்பு மாற்றிக் குடியிருப்பு; எல்லாச் சமையலறையும் ஒரே அச்சு. சுவரைப் பார்த்த அடுப்பு, முழங்கை இடிக்கும் அகலம், ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஓட்டை. சொந்தமாக ஒரு சமையலறை வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் வாய்விட்டுக் கேட்டது. இப்போது கிடைத்திருப்பது கடைசி வரைக்கும் அவள் நிற்கப் போகும் இடம். அதில்தான் தங்கையின் புளுகு சிமெண்டும் ஓடுமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகையில் போட்ட பொய்யை மறுவாரம் மறந்துவிடலாம். இதை என்ன செய்வது?

இன்னொன்றும் உண்டு. குட்டியின் முதல் நாவலில் ஒரு நர்ஸ் அக்கா வருவாள். தியாகமே உருவானவள், வெள்ளை உடையில் வெள்ளை மனசு. அக்கா அதைப் படித்துவிட்டு, "இது நான் இல்ல," என்று மூடி வைத்தாள். அதோடு சரி. அப்புறம் குட்டி எழுதிய ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை. சண்டையெல்லாம் இல்லை. போனில் பேசுவார்கள், உடம்பு விசாரிப்பார்கள், சேர்ந்து ஊர்வம்பும் பேசுவார்கள். எழுத்து என்று பேச்சு வந்தால் மட்டும் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். குட்டிக்குப் பரிசு கிடைத்த அன்றும் போனாள். அது குட்டியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல. வாணலி," என்றார் மாமா.

அக்கா காய்கறி வாங்கப் போயிருந்தாள். அந்தத் தைரியத்தில் மாமா குட்டியை உள்ளே அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். பாதிக் கதவைத் தள்ளினார். அது திரும்பி வந்து அவர் முழங்காலில் ஒன்று வைத்தது. அதைக் கண்டுகொள்ளாமல், "பேச்சு உள்ளே வரட்டும், ஆள் வெளியே நிற்கட்டும்," என்று அவள் வரியை மனப்பாடமாக ஒப்பித்தார். ஜன்னலுக்குக் கீழே அடுப்பு. பற்றவைத்துக் காட்டினார். வெளியிலிருந்து காற்று வந்து ஒரே மூச்சில் ஊதி அணைத்துவிட்டுப் போனது. மலையூர் விடுதியில் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டின் உயரமான சுவர் இருந்தது குட்டிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமா ஒரு தட்டை எடுத்து மறைவாகச் சாய்த்து வைத்து, இதுக்கு ஒரு வழி பண்ணிடலாம் என்றார்.

மேலே கம்பி. கம்பியில் வாணலி, தட்டு, கரண்டி, வடிகட்டி என்று எல்லாம் பளபளவென்று தொங்கின. மாமா உயரம். குனிந்து குனிந்து நடந்தார், சுரங்கத்துக்குள் போகிறவர் மாதிரி. அக்காவோ குள்ளம். அவளுக்கு எப்படி எட்டுகிறது என்று கேட்க வாயெடுத்தவள், சுவரில் சாய்ந்திருந்த குடையைப் பார்த்தாள். வளைந்த பிடி போட்ட பழைய குடை. சமையலறையில் குடைக்கு என்ன வேலை என்று யோசித்து, புரிந்ததும், அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

காய்கறி நறுக்க மூலையில் அந்தத் தாழ்ந்த மேசை ஒன்றுதான். நின்று நறுக்கினால் இடுப்பு போகும். உட்கார்ந்து நறுக்கினால் அடுப்பில் இருப்பது கருகும். அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் ஒரு பலகையைக் குறுக்காகப் போட்டிருந்தாள்.

"மாமா, அந்தக் கட்டுரை இருக்கே…" என்று குட்டி ஆரம்பித்தாள்.

மாமா அவளைப் பேச விடவில்லை. பாதிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்தான் பேசினார். உன் அக்கா நைட் டூட்டி முடிந்து வந்து சுவரைப் பார்த்து நின்று சமைப்பாள், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டிருக்கிறேன், உன்னுடையதைப் படித்த அன்றைக்கு இவளுக்கு இது வேண்டும் என்று தோன்றிவிட்டது, அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இந்த மனிதரிடம் போய், அதெல்லாம் சும்மா கதை விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா பாதிக் கதவை விட்டு நல்ல பிள்ளையாக நகர்ந்து நின்றார்.

அக்கா உள்ளே வந்தாள். பையை வைத்தாள். குட்டியை மேலும் கீழும் பார்த்து, இளைத்துவிட்டாய் என்றாள். ஆள் பெருத்திருந்தாலும் அவள் அதைத்தான் சொல்வாள். மாமாவைப் பார்த்து, சர்க்கரை தீர்ந்துவிட்டது, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். அலமாரியில் சர்க்கரை டப்பா நிறைய இருந்தது. மாமா அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபேச்சு பேசாமல் கிளம்பிவிட்டார். ஒரு வார்டையே கண்ணால் அதட்டி வைத்திருந்தவள் அவள்.

பிறகு அக்கா சமைக்க ஆரம்பித்தாள். குடையின் பிடியால் வாணலியைக் கொக்கி போட்டு இறக்கினாள். தட்டைச் சாய்த்து வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். தொட்டிமேல் போட்ட பலகையில் வெங்காயத்தை வைத்தாள்; ஒரு பாதி உருண்டு தொட்டிக்குள் விழுந்தது. எடுத்து அலம்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் குட்டியைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பாள்.

"அக்கா," என்றாள் குட்டி. "அந்த மாதிரி சமையல்கட்டு எங்கயும் இல்ல. நானா சேத்து எழுதினது."

"தெரியும்," என்றாள் அக்கா, திரும்பாமல். "படிச்சேன்."

குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலம் ஒரு வரி தொடாதவள்.

"அங்க போய் உக்காரு," என்றாள் அக்கா, கரண்டியால் மூலையைக் காட்டி.

குட்டி போய் முக்காலியில் உட்கார்ந்தாள். தாழ்ந்த மேசை கைக்கு இதமாக, சரியான உயரத்தில் இருந்தது. முழங்கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அப்புறம் அப்படியே இருந்துவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் அடுப்பின் மேலும் அக்காவின் கன்னத்தின் மேலும் விழுந்தது. மேலே தொங்கிய பாத்திரங்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. காற்று ஓய்ந்திருந்ததால் ஆவி நேராக ஜன்னல் வழியே போனது. அக்காவின் முதுகு மறைக்கவில்லை. பக்கவாட்டில் முகம் முழுதாகத் தெரிந்தது. முணுமுணுத்தால்கூடக் காதில் விழும் தூரம். பத்தியில் எழுதியிருந்தாளே, அது அத்தனையும் அப்படியே, அச்சு அசலாக இருந்தது.

"அங்கேருந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கும். நீ எழுதினது சமைக்கிறவ நிக்கிற எடத்துலேருந்து இல்ல குட்டி. உக்காந்து வேடிக்கை பாக்கிறவ எடத்துலேருந்து."

குட்டி மலையூர் விடுதியை நினைத்துப் பார்த்தாள். அங்கே அவள் டீக் கோப்பையோடு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், சமைத்தது விடுதிக்காரம்மா. கப்பலில் சமையல்காரர் வேலை செய்ய, இவள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அவரிடம் வாயாடிக்கொண்டிருந்தாள். ஓவிய நண்பர் வீட்டில் சொல்லவே வேண்டாம், எழுந்து ஒரு தம்ளர்கூட எடுத்து வைக்கவில்லை. உலகத்தைச் சுற்றிவிட்டு வந்து சமையலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாள். ஓரிடத்திலும் அடுப்புக்கு முன்னால் நின்றதில்லை. வீட்டில் அவள் தனக்கென்று செய்துகொள்வது முட்டை. அதைப் போய் யாரும் எழுத மாட்டார்கள்.

சிரிப்பு வந்தது. அவமானமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அசட்டுத்தனமாக ஒரு சத்தம் வெளியே வந்தது.

அக்கா நடந்ததைச் சொன்னாள். வந்த அன்றைக்குக் காலையில் இந்தச் சமையலறையோடு மல்லுக்கட்டி, பால் பொங்கி, விரல் சுட்டு, மண்டையில் வடிகட்டி விழுந்து, யார் யாரையோ வாயில் வந்தபடி திட்டிவிட்டு, முடியாமல் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றதாம். அப்புறம்தான் மாமா கத்தரித்து வைத்திருந்த பத்தியை எடுத்துப் படித்திருக்கிறாள்.

"பக்கெட் ஞாபகம் இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

இருந்தது. கேட்ட பிறகுதான் இருந்தது. அம்மா போன பிறகு குட்டி வளர்ந்தது அக்காவின் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், டூட்டி முடிந்து வந்த அக்கா சமைப்பாள். குட்டி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். அக்காவின் முகம் தெரிய வேண்டும் என்று பக்கெட்டை நகர்த்தி நகர்த்திச் சுவர் ஓரமாகவே போய்விடுவாள். அன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் சொல்வாள். அக்கா உம் கொட்டிக்கொண்டே கிளறுவாள்.

"உன் மொத புத்தகத்துல என்னைத் தேடினேன். அதுல யாரோ ஒரு புண்ணியவதி இருந்தா," என்றாள் அக்கா. "இதுல என் பேரே இல்ல. ஆனா நான் நிக்கிறேன். நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்க."

குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெங்காயம் என்றாள். வெங்காயம் அங்கே வாணலியில் வதங்குகிறது, கதை விடாதே என்றாள் அக்கா. எத்தனையோ வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த அந்த முள்ளைக் குட்டி தேடிப் பார்த்தாள். அதைக் காணவில்லை. அப்பாடா என்று இருந்தது.

"அப்ப ஏன் மாமாகிட்ட ஒண்ணும் சொல்லல? பாவம், பயந்து கிடக்கிறார்."

நீ வரட்டும் என்று இருந்தேன் என்றாள் அக்கா. போனில் சொன்னால் நீ உடனே ஒரு பத்தி எழுதி மன்னிப்புக் கேட்டிருப்பாய், அதை அவர் படித்து இன்னொரு தடவை இடித்திருப்பார். கொத்தனாரை அவள் ஏற்கெனவே தெருவில் மடக்கிப் பேசியாகிவிட்டதாம். அடுப்பு எதிர்ச் சுவருக்குப் போகிறது. கம்பியைக் கழற்றித் துணி காயப்போடக் கொல்லையில் கட்டிக்கொள்ளலாம். நறுக்குவதற்கு நிற்கிற உயரத்தில் ஒரு மேடை. ஜன்னலை ஒன்றும் செய்யப் போவதில்லை.

"அந்த மூலைய மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றாள். "நீ வந்தா எங்க உக்காருவ?"

பாதிக் கதவுக்கு மேலே மாமாவின் தலை தெரிந்தது. கையில் சர்க்கரைப் பொட்டலம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பேச்சு வெளியே போகும்படிதானே அந்தக் கதவைக் கட்டியிருக்கிறது. அக்கா அவரை நேராகப் பார்த்தாள். நல்லாத்தான் கட்டியிருக்கிறீர்கள், அடுப்பு மட்டும் நகர வேண்டும் என்றாள். மாமா கண்ணை மூடித் திறந்தார். பிறகு மெதுவாக, அந்தக் கம்பியும்கூடப் போய்விடுமா என்று கேட்டார். போய்விடும் என்றதும், நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே அவர் விட்ட மூச்சில் அடுப்பு இன்னொரு தடவை அணைந்திருக்கும். வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

குட்டிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, இன்றைக்கு நான் சமைக்கிறேன் அக்கா, நீ உட்கார் என்றாள். அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேணாம். எல்லாருக்கும் பசிக்குது," என்றாள் அக்கா.

குட்டி திரும்ப உட்கார்ந்தாள். காற்று மறுபடி வந்தது. மாமா உள்ளே வந்து குனிந்து நின்று, தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அடுப்புக்கு மறைவு கட்டினார். அக்கா கிளறினாள்.

"அப்புறம்? எங்கெல்லாம் போன, என்ன பாத்த? சொல்லு," என்றாள் அக்கா.

குட்டி சொன்னாள். போன ஊரையும், அங்கே ஒரு கூடத்தில் பார்த்த ஓவியத்தையும், அதற்குக் காவல் இருந்தவர் நாற்காலியில் தூங்கி விழுந்ததையும் சொன்னாள். கொஞ்சம் சேர்த்தும் சொன்னாள். அக்கா உம் கொட்டினாள். சேர்த்துச் சொன்ன இடத்தில் ஒரு தடவை கரண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி கிளறினாள்.

சாப்பாடு இறக்கும்போது, இதையெல்லாம் எழுதலாமா என்று குட்டி பயந்து பயந்து கேட்டாள். இந்த மாதிரி பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுபவள் இன்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எழுது," என்றாள். "ஆனா இந்தத் தடவ அடுப்ப எங்க வைக்கிறதுன்னு என்னைக் கேட்டுட்டு எழுது."